அடுப்பும் ஆய்வு மேசையும்: சிறுவர் அறிவியல், சமையல் வகுப்பில் இன்டர்னாகச் சேர்பவருக்கு முழு வழிகாட்டி

ஆய்வுக்கூடத்தில் முதலில் சொல்லித்தருவது, எதையும் வாயில் வைக்காதே என்று. சமையலறையில் முதலில் சொல்வது, உப்பு பார் என்று. இந்த இரண்டையும் ஒரே அறையில், ஒரே பிற்பகலில் பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டிய இடம் இது. இந்த மேசையில் இருப்பதைச் சாப்பிடலாமா கூடாதா என்பதில் எந்த நொடியிலும் எந்தக் குழந்தைக்கும் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் இன்டர்னின் முதல் வேலை. பாடம் சொல்வது, சோதனை காட்டுவது எல்லாம் அதற்குப் பிறகு.

8 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள், ஒன்றரை மணி நேர வகுப்பு, ஒரு மேசைக்கு நான்கு பேர் என்ற அமைப்பை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். உங்கள் இடத்தில் அளவுகள் மாறினாலும் காரணங்கள் மாறாது.

சேரும் முன் கேட்க வேண்டியவை

விண்ணப்பத்தில் மதிப்பெண்களை விட அதிகம் பேசுவது இரண்டு விஷயங்கள்: சிறுவர்களோடு பழகிய அனுபவம், கையால் வேலை செய்த அனுபவம். தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொன்னது, ஒரு விழாவில் ஐம்பது பேருக்குச் சமைக்க உதவியது போன்றவற்றைத் தயங்காமல் எழுதுங்கள். என்ன செய்தீர்கள், எத்தனை பேருக்கு, எது சொதப்பியது, அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று நான்கு வரி போதும்.

நேர்காணலில் நீங்களும் கேட்க வேண்டும். ஒரு பெரியவர் எத்தனை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்? அடுப்பு, கத்தி இருக்கும் வகுப்பில் ஆறு முதல் எட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவர் இருந்தால் சமாளிக்கலாம். பதினைந்துக்கு ஒருவர் என்றால் சூடு இல்லாத சோதனைகள் மட்டுமே செய்ய முடியும். விபத்துக் காப்பீடு உண்டா? முதலுதவி, உணவுச் சுகாதாரப் பயிற்சியை அவர்களே தருகிறார்களா? பின்னணிச் சரிபார்ப்பு கேட்பார்களா? கேட்டால் நல்ல இடம் என்று பொருள். உதவித்தொகை, பயணச் செலவு, வேலை நேரம் ஆகியவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பு ஒன்றரை மணி நேரம் என்றால் வேலை நான்கு மணி நேரம். முன்தயாரிப்பும் பாத்திரம் கழுவுவதும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிள்ளைகள் பாதுகாப்பு விதிகளில் விலக்கே கிடையாது. மூடிய அறையில் ஒரு குழந்தையோடு தனியாக இருக்காதீர்கள். பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் படம் எடுக்காதீர்கள். பிள்ளைகளோடு தனிப்பட்ட செல்போனில் பேச்சு வேண்டாம். ஒரு குழந்தை வீட்டில் நடக்கும் துன்பம் எதையாவது சொன்னால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காமல் கேட்டுக்கொண்டு, அன்றே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

முதல் வாரம்: கைகட்டிப் பார்க்காமல் பார்ப்பது

முதல் சில வகுப்புகளில் உங்களிடம் பாத்திரம் எடுத்துவைக்கும் வேலையைத்தான் தருவார்கள். அந்த நேரத்தில் ஒரு தாளில் மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: எந்த நிமிடத்தில் பிள்ளைகள் கவனம் சிதறுகிறது, எந்தப் பொருளுக்காகச் சண்டை வருகிறது, எந்த வேலையைப் பெரியவர் தானே செய்துவிடுகிறார். மூன்றாவதுதான் முக்கியம். நேரம் போதாதபோது பெரியவரின் கை தானாக நீண்டு மாவைக் கலக்கிவிடும். அந்த நிமிடத்திலிருந்து அந்தக் குழந்தை பார்வையாளராகிவிடுகிறது. அப்படி நடக்கும் இடங்களைப் பட்டியலிட்டால், எதை முன்கூட்டியே அளந்து வைக்கலாம், எதைப் பிள்ளைகளுக்கே விடலாம் என்பது தெரிந்துவிடும்.

இரண்டு மேசை, இரண்டு நிறம்

சாப்பிடும் வேலைக்கான பாத்திரங்களும் சோதனைக்கான பாத்திரங்களும் ஒருபோதும் கலக்கக் கூடாது. இரண்டு நிற டேப் வாங்கி, பச்சை ஒட்டியது உணவுக்கு, சிவப்பு ஒட்டியது சோதனைக்கு என்று கரண்டி, கிண்ணம், அளவுக் குவளை, வடிகட்டி எல்லாவற்றிலும் ஒட்டுங்கள். தெர்மாமீட்டர்கூட இரண்டு வேண்டும். நன்றாகக் கழுவினாலும் சிவப்பு பச்சையாக மாறாது. சோப்புக் கரைசல் ஒரு துளி மேசைக்கு வந்துவிட்டால், துடைத்து முடிக்கும் வரை அந்த மேசை சிவப்பு மேசைதான். "இது உப்பும் எலுமிச்சையும்தானே, குடிக்கலாமே" என்று பிள்ளைகள் கேட்பார்கள். வேதிப்பொருள் எதுவாக இருந்தாலும் எந்த மேசையில் இருக்கிறது என்பதே கணக்கு என்று ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொல்லுங்கள். போராக்ஸ் என்ற வேதிப்பொருள் சேர்த்துச் செய்யும் ஸ்லைம் (இழுபடும் விளையாட்டுப் பசை) போன்றவற்றை உணவு சமைக்கும் அறையில் செய்யவே வேண்டாம்.

சிவப்பு மேசைக்கு நல்ல தொடக்கம் ஊதா முட்டைக்கோஸ் சாறு. 200 கிராம் கோஸை நறுக்கி, 500 மி.லி. கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். அதிலுள்ள ஆந்தோசயனின் நிறமி அமிலத்தில் இளஞ்சிவப்பாகும். சமையல் சோடாக் கரைசலில் நீலமாகவோ பச்சை கலந்த நீலமாகவோ மாறும். குழாய்த் தண்ணீர் கடினநீராக இருந்தால் சாறே நீலம் தட்டியிருக்கும். அது தெரியாமல் வகுப்பில் நின்றால் விளக்க முடியாமல் திணற நேரிடும். வகுப்பில் பயன்படுத்தப்போகும் அதே தண்ணீரில் முதல் நாளே செய்து பாருங்கள். குளிர்பதனப் பெட்டியில் இரண்டு, மூன்று நாள் தாங்கும், பிறகு நாற்றமெடுக்கும்.

சோடாவும் வினிகரும் எல்லாரும் செய்வதுதான். ஆனால் அளவோடு செய்தால் அது பாடமாகிவிடும். 5 கிராம் சமையல் சோடா முழுவதும் வினைபுரிய 5 சதவீத வினிகர் ஏறக்குறைய 70 மி.லி. வேண்டும், வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு சுமார் 1.4 லிட்டர். வினிகரை 70-லேயே வைத்து, சோடாவை மட்டும் 5 கிராமிலிருந்து 10 கிராமாக்கினால் பலூன் இரட்டிப்பாகாது. ஏன் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்க இருபது நிமிடம் கொடுங்கள். அரை லிட்டர் பாட்டிலும் பெரிய பலூனும் எடுங்கள். சிறிய பலூன் வெடித்துச் சிதறும். பாட்டிலுக்கு மூடி போடவே கூடாது. அழுத்தம் ஏறிய பாட்டில் முகத்தில் அடிக்கும். மூடிகளைச் சேகரித்து உங்கள் பையில் வைத்துக்கொண்டுதான் இந்தச் சோதனையைத் தொடங்க வேண்டும்.

ஒத்திகை

வகுப்புக்கு முன் ஒருமுறை முழுவதும் செய்து பார்ப்பது கட்டாயம், அதுவும் அதே அடுப்பு, அதே பாத்திரம், அதே பிராண்ட் பால் அல்லது மாவில். இண்டக்‌ஷன் அடுப்பில் நான்கு நிமிடத்தில் கொதிப்பது மின்சுருள் அடுப்பில் ஒன்பது நிமிடம் ஆகலாம். தெர்மாமீட்டரைப் பொடித்த ஐஸ் நிரம்பிய தண்ணீரில் வைத்தால் 0 டிகிரி காட்ட வேண்டும். கொதிநீரில் 100 டிகிரி கடல்மட்டத்தில்தான். உயரம் ஏற ஏற, ஏறத்தாழ 300 மீட்டருக்கு 1 டிகிரி குறையும். மலைப்பகுதியில் இதை அறியாமல் தெர்மாமீட்டர் பழுது என்று தூக்கிப் போடுபவர்கள் உண்டு.

அளப்பதற்கு 1 கிராம் துல்லியமுள்ள டிஜிட்டல் தராசு மேசைக்கு ஒன்று இருந்தால் நல்லது. ஒரே குவளையில் மாவை அழுத்தி அள்ளுவதற்கும் தூவி நிரப்புவதற்கும் 30 கிராம் வரை வேறுபடும். இதை மறைக்காமல் முதல் வகுப்பில் பிள்ளைகளையே அள்ளவைத்து, நான்கு மேசையின் எடைகளையும் பலகையில் எழுதுங்கள். அளவைக் கருவி எதற்கு என்ற கேள்விக்கு அதன் பிறகு யாரும் சொற்பொழிவு ஆற்ற வேண்டியதில்லை.

பச்சை மேசையில் மூன்று பாடங்கள்

*பால் ஏன் திரிகிறது.* மேசைக்கு மூன்று பாத்திரம், ஒவ்வொன்றிலும் 100 மி.லி. கொழுப்பு நீக்காத பால். முதலாவது குளிர்ந்தது, இரண்டாவது 50 டிகிரி, மூன்றாவது 85 டிகிரி. மூன்றிலும் ஒரு டீஸ்பூன் (5 மி.லி.) எலுமிச்சைச் சாறு விட்டு, இரண்டு முறை மட்டும் மெதுவாகக் கிளறிவிட்டு நிறுத்த வேண்டும். சூடான பால் கட்டி தனியாகவும் வெளிர்பச்சை நீர் தனியாகவும் பிரியும். குளிர்ந்தது பெரும்பாலும் சிறு துகள்களோடு நின்றுவிடும். பாலின் கேசீன் புரதத் திரள்கள் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. அமிலம் அந்த மின்னூட்டத்தைக் குறைக்கிறது, pH (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 4.6-ஐ எட்டும்போது அது முழுக்கத் தீர்ந்து திரள்கள் ஒட்டிக்கொள்கின்றன. சூட்டில் அவ்வளவு அமிலம் தேவைப்படுவதில்லை.

பிறகு மேசைக்கு 500 மி.லி. பாலை 85 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஒன்றரை மேசைக்கரண்டி சாறு விட்டு, துணியில் வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, பதினைந்து நிமிடம் கனம் வைத்தால் 80 முதல் 100 கிராம் பன்னீர் கிடைக்கும். உப்புத் தூவிச் சாப்பிடக் கொடுக்கலாம். இங்கே நடக்கும் தவறுகள் மூன்று. நீர் வெள்ளையாகவே இருந்தால் அமிலம் போதவில்லை. அரை டீஸ்பூனாகச் சேருங்கள். கட்டி பொடிப்பொடியாக உதிர்ந்தால் வேகமாகக் கிளறியிருக்கிறார்கள். ரப்பர் போல ஆனால் பிரிந்த பிறகும் அடுப்பில் விட்டிருக்கிறார்கள். பால் அடி பிடிக்காமலிருக்க முதலில் பாத்திரத்தைத் தண்ணீரில் நனைத்துவிட்டு, நடுத்தீயில் வைத்து, அடியைத் தொட்டுக் கிளறச் சொல்லுங்கள்.

*ஈஸ்ட் என்ன சாப்பிடுகிறது.* மூன்று பாட்டில், ஒவ்வொன்றிலும் 150 மி.லி. தண்ணீர், ஒரு டீஸ்பூன் உலர் ஈஸ்ட். முதலாவதில் 40 டிகிரி நீரும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையும். இரண்டாவதில் அதே நீர், சர்க்கரை இல்லை. மூன்றாவதில் சர்க்கரை உண்டு, நீர் மட்டும் 70 டிகிரி (இதை நீங்களே ஊற்றுங்கள்). ஒவ்வொரு பாட்டிலின் வாயிலும் ஒரு பலூனை மாட்டுங்கள். முதல் பலூன் பதினைந்து, இருபது நிமிடத்தில் நிமிரும். மூன்றாவது நிமிராது, 60 டிகிரிக்கு அருகிலேயே ஈஸ்ட் செத்துவிடுகிறது. பலூனை முதலில் ஊதித் தளர்த்தாவிட்டால் முதல் பாட்டிலும் ஏமாற்றும். ஈஸ்ட் பழையதா என்று முதல் நாளே பாருங்கள்: வெதுவெதுப்பான சர்க்கரை நீரில் பத்து நிமிடத்தில் நுரை பொங்க வேண்டும்.

ஒன்றரை மணி நேரத்தில் ரொட்டி பிசைந்து, உப்பவைத்து, வேகவைக்க முடியாது. முதல் உப்பலுக்கே ஒரு மணி நேரம் போய்விடும். இதற்கு ஒரே வழி, வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்பு நீங்கள் பிசைந்து வைத்த மாவைப் பிள்ளைகள் உருட்டி அடுப்பில் வைப்பது, அவர்கள் பிசைந்த மாவை அடுத்த குழு எடுத்துக்கொள்வது. முதல் குழு எதையும் இழக்காது. இரண்டு மாவையும் பக்கத்தில் வைத்து அழுத்திப் பார்க்கலாம். மாவுக்கு 100 கிராம் மாவு, 60 முதல் 65 மி.லி. நீர், 1 கிராம் உலர் ஈஸ்ட், 2 கிராம் உப்பு என்ற விகிதம் கைக்கு ஒட்டாமல் வரும். பச்சை மாவைத் தின்னக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். வேகாத மாவில் நோய்க்கிருமி இருக்கலாம்.

*உப்பு எப்படிக் குளிரூட்டுகிறது.* சிறிய ஜிப் பையில் 120 மி.லி. பால், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு துளி வெனிலா. காற்றை வெளியேற்றி மூடி, இன்னொரு சிறிய பைக்குள் போடுங்கள். பெரிய பையில் அரை கிலோ உடைத்த ஐஸ், 100 கிராம் உப்பு. உள்ளே சிறிய பையை வைத்து எட்டு முதல் பத்து நிமிடம் குலுக்க வேண்டும். ஒரு மேசைக்கு மட்டும் உப்பு போடாத பை கொடுங்கள். அது இறுகாது, அதுதான் அன்றைய பாடம். அந்த மேசைப் பிள்ளைகள் முகம் வாடும். பிறகு உப்புச் சேர்த்து அவர்களும் முடிக்கும்படி நேரம் வையுங்கள். உப்பு, ஐஸ் உருகும் வெப்பநிலையை இறக்குகிறது. உருகுவதற்கான வெப்பம் பாலிலிருந்து உறிஞ்சப்படுகிறது. கலவை பூஜ்யத்துக்குப் பத்து டிகிரி கீழே எளிதாகப் போகும்; உப்பும் நீரும் சேர்ந்து எட்டக்கூடிய கடைசி எல்லை −21 டிகிரி. அதனால்தான் துண்டில் சுற்றாமல் யாரும் அந்தப் பையைப் பிடிக்கக் கூடாது. வெறுங்கையில் தோல் குளிரால் புண்ணாகும்.

பை திறக்கும் முன் வாய்ப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இல்லையெனில் முதல் கரண்டியே உப்புக் கரிக்கும். இறுகாவிட்டால் பெரும்பாலும் ஐஸ் கட்டிகள் பெரிதாக இருந்திருக்கும், அல்லது சர்க்கரையை யாரோ இரண்டு மடங்கு போட்டிருப்பார்கள். சர்க்கரையும் உப்பைப் போலவே உறைநிலையை இறக்கும். மிஞ்சிய உப்புநீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம்.

அடுப்பே இல்லாத நாளுக்கு இன்னொன்று: புதிய அன்னாசித் துண்டு, ஜெல்லி செய்யப் பயன்படும் ஜெலட்டினை இறுக விடாது, டின் அன்னாசி விடும். பழத்திலுள்ள புரோமெலைன் நொதி ஜெலட்டின் புரதத்தை வெட்டுகிறது. டின்னில் அடைக்கும்போது சூடு அந்த நொதியை அழித்துவிடுகிறது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர் புரதமல்ல என்பதால் இரண்டிலும் இறுகும். ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவது. பெற்றோரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒவ்வாமை

இதில் மட்டும் எந்தச் சுருக்குவழியும் வேண்டாம். வகுப்புக்கு ஒரு வாரம் முன்பே படிவம் வாங்கி, பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், கோதுமை, சோயா, எள், மீன், இறால் நண்டு வகை ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். "ஒவ்வாமை ஏதும் உண்டா" என்ற ஒற்றை வரிக் கேள்விக்குப் பலர் இல்லை என்றே எழுதுவார்கள். பொருள் வாங்கும்போது ஒவ்வொரு முறையும் லேபிளைப் படியுங்கள், போன மாதம் வாங்கிய அதே பாக்கெட்டாக இருந்தாலும்.

ஒரு குழந்தைக்குக் கடலை ஆகாது என்றால் அந்த வகுப்பிலேயே கடலை வேண்டாம். தனித்தட்டு கொடுத்துத் தனியே உட்காரவைப்பது பாதுகாப்பும் இல்லை, நியாயமும் இல்லை. சூடாக்கினால் ஒவ்வாமைப் புரதம் போய்விடும் என்று நம்பாதீர்கள். ஆல்கஹால் சானிடைசர் கிருமியைக் கொல்லும், கடலைப் புரதத்தை நீக்காது. சோப்பும் நீரும்தான் நீக்கும். அட்ரினலின் ஊசி (கடும் ஒவ்வாமைக்கு உடனே போடுவது) யாருக்கு உண்டு, எந்த இடத்தில் இருக்கிறது, போடத் தெரிந்தவர் யார் என்பதை வகுப்பு தொடங்குமுன் பொறுப்பாளரோடு பேசிவிடுங்கள். உதடு, நாக்கு வீங்குதல், மூச்சிரைப்பு, அடுக்கடுக்கான வாந்தி, திடீர்ச் சோர்வு தெரிந்தால் காத்திருக்காமல் ஊசியும் அவசர அழைப்பும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

சூடு, கத்தி, கை

கைகழுவுதல் சோப்போடு 20 நொடி. மூக்கைத் தொட்டால், தலைமுடியைத் தொட்டால், பச்சை முட்டையைத் தொட்டால் மறுபடி. முடி கட்டியிருக்க வேண்டும், கால் மூடிய செருப்பு வேண்டும், தொளதொள சட்டைக் கையை மடித்துவிட வேண்டும்.

வெட்டும் பலகையின் அடியில் ஈரத்துணி போட்டால் நழுவாது. பிடிக்கும் கையின் விரல்நுனிகளை உள்ளே மடக்கச் சொல்லுங்கள். மொக்கைக் கத்தி பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். அது அதிக அழுத்தம் கேட்கும், வழுக்கும், விரலில் இறங்கும். முதலில் வாழைப்பழம், பிறகு வெள்ளரி, கடைசியில்தான் கேரட். உருண்டையான காயை முதலில் நீங்கள் பாதியாக வெட்டித் தட்டையான பக்கம் கீழே வரும்படி கொடுங்கள்.

ஒரு பெரியவருக்கு ஒரே ஒரு அடுப்பு. பாத்திரக் கைப்பிடி உட்புறம் திரும்பியிருக்கட்டும். எண்ணெயில் பொரிப்பது, சர்க்கரையைப் பாகாக உருக்குவது இரண்டையும் இந்த வயதினரிடம் தராதீர்கள். சர்க்கரை 160 டிகிரிக்கு மேல் உருகித் தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். எண்ணெய் தீப்பற்றினால் அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கை சுட்டால் ஓடும் குளிர்ந்த குழாய்நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, எண்ணெய், மாவு எதுவும் வேண்டாம். இருபது நிமிடம் குழந்தைக்கு நீளமாகத் தெரியும். கூடவே நின்று பேச்சுக் கொடுக்க ஒருவர் வேண்டும்.

சமைத்த உணவு, பால், முட்டை 5 முதல் 60 டிகிரிக்கு இடையில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. "வீட்டுக்கு எடுத்துப் போகலாமா" என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். ரொட்டி போகலாம், பன்னீர் வேண்டாம்.

வகுப்பு நேரம்

90 நிமிடத்தில் முதல் பத்து கைகழுவவும் ஊகம் எழுதவும். செய்முறை 35, காத்திருப்பு 20, சாப்பாடு 10, சுத்தம் 15. காத்திருக்கும் இருபது நிமிடம்தான் வகுப்பைக் கவிழ்க்கும். அதற்குச் சிவப்பு மேசை வேலை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். உணவு மேசையிலிருந்து எழுந்து, கைகழுவி, அங்கே போய், மறுபடி கைகழுவித் திரும்பும் பழக்கமும் சேர்ந்து வரும்.

கேள்வி கேட்கும்போது "ஏன்?" என்று தொடங்காதீர்கள். பதில் தெரியாத குழந்தை அந்த ஒரு சொல்லில் வாயடைத்துப் போகும். "என்ன மாறியிருக்கு?" என்பதற்கு எல்லாராலும் பதில் சொல்ல முடியும். கேட்ட பிறகு மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். மௌனத்தை நிரப்ப நாமே பதில் சொல்லிவிடும் ஆசை வரும், அடக்க வேண்டும். தவறான ஊகத்தைத் திருத்தாமல் பெயரோடு பலகையில் எழுதுங்கள், பாட்டில் அதற்குப் பதில் சொல்லட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதைப் பிள்ளைகள் மறந்தே போவார்கள்: சர்க்கரையையும் குறைத்து, நீரையும் குளிர்வித்துவிட்டு, பலூன் நிமிரவில்லை என்று வருவார்கள். "இப்போ இதில் யார்மேல குற்றம்?" என்று அவர்களையே கேளுங்கள்.

சோதனை தோற்றால் ஒளித்து வைத்த வெற்றிப் பாட்டிலை எடுத்துக் காட்டாதீர்கள். கூடுதல் பொருள் ஒரு செட் வைத்திருங்கள். காரணம் ஊகித்து அந்த மேசையே மறுபடி செய்யட்டும்.

பதிவு

ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் அரைப் பக்கம்: எடுத்த அளவு, ஆன நேரம், எந்த மேசையில் எது தவறியது, எந்தக் கேள்விக்கு உங்களுக்குப் பதில் தெரியவில்லை, தீர்ந்துபோன பொருள், சிறு காயம் உட்பட எல்லாச் சம்பவங்களும். பதில் தெரியாத கேள்விக்கு அடுத்த வகுப்பில் அந்தக் குழந்தையின் பெயர் சொல்லிப் பதில் கொண்டுவாருங்கள். பயிற்சி முடியும்போது பொதுவான சான்றிதழோடு, நீங்கள் நடத்திய வகுப்புகளின் தலைப்பு, எண்ணிக்கை, பொறுப்பு ஆகியவை குறிப்பிட்ட கடிதமும் கேளுங்கள். இரண்டு வாரம் முன்பே கேட்டு, உங்கள் பதிவுத்தாள்களின் நகலையும் சேர்த்துக் கொடுத்தால் எழுதுபவருக்கு எளிது. மூலத்தாள்களை அங்கேயே விட்டுச் செல்லுங்கள். அடுத்து வரும் இன்டர்னுக்கு அந்த அடுப்பில் பால் 85 டிகிரியைத் தொட எத்தனை நிமிடம் ஆகும் என்பது அதில்தான் இருக்கும்.